ஈரக் குச்சிகள்

ஒன்றாம் சட்டி தண்ணீர்ச் சோதனையில் தேறியது ஒரு வியாழக்கிழமை. அறுபது ராத்தல் அழுத்தத்தில் கால் மணி நேரம் நின்றது. ஒரு சொட்டும் கசியவில்லை. மில் துரை தன் கைக்குட்டையால், பற்றவைத்த ஒட்டு முழுவதையும் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டை காய்ந்தே இருந்தது. பகல் இரண்டு மணிக்கு ஆவி விடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது மணி பத்து.

பத்தே முக்காலுக்கு, வெல்டிங் குச்சி டின்னின் அடியில் மஞ்சள் கறையைப் பார்த்தேன்.

எங்கள் மில் மலாயாவில், குளுவாங்கிலிருந்து காஹாங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டத்தின் நடுவில் இருந்தது. சட்டி என்பது ஆட்கள் வைத்த பெயர். படுக்கவைத்த இரும்பு உருளை அது. ஆறு அடி குறுக்களவு. ஒரு லாரியைவிட நீளம். செம்பனைக் குலைகளை உள்ளே அடைத்து, கதவைத் திருகி மூடி, நாற்பது ராத்தல் ஆவியில் ஒரு மணி நேரம் வேகவைப்பார்கள். பிறகு ஆவியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறப்பார்கள். பெண்கள் நீண்ட கொக்கிகளால் வெந்த குலைகளை இழுத்துப் போடுவார்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. இப்படி மூன்று சட்டிகள்.

ஒன்றாம் சட்டியில் கதவு வளையத்தை ஒட்டி நான்கு அடிக்கு விரிசல் கண்டிருந்தது. அதை வெட்டியெடுத்துப் பற்றவைத்தவன் நான். திங்கள், செவ்வாய், புதன் என மூன்று நாள் வேலை.

நாற்பது ராத்தல் என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு. கதவின் பரப்பால் பெருக்கினால் எழுபது டன்னுக்கு மேல் வரும். ஒட்டு விட்டுக்கொடுத்தால் கதவு நேராகப் பெண்கள் நிற்கும் இடத்துக்குத்தான் போகும். இந்தக் கணக்கை வேலை தொடங்கும் முன்பே போட்டுப் பார்த்திருந்தேன்.

என் பெயர் ராஜசேகரன். திருச்சியில் பௌதிகம் படித்து பி.ஏ. முடித்தேன். மில் ஆபீசுக்குக் கணக்கெழுதும் கிராணியாக வந்தேன். அடுத்த வருஷம் கல்யாணம். சந்திரமதி இங்கே பதினான்கு மாதம் இருந்தாள். போன நவம்பர் மழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அதற்குப் பிறகு ஆபீசில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அந்தச் சமயம் சிங்கப்பூரிலிருந்து வெல்டிங் டைனமோ ஒன்று வந்து இறங்கியது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம். அதைப் படிக்கிற சாக்கில் பட்டறைக்குப் போனேன். திரும்பி வரவில்லை. துரையும் கூப்பிடவில்லை. வேறு ஆள் அறுபது மைலுக்குள் கிடையாது.

முதல் மூன்று மாதம் நான் போட்டதெல்லாம் குப்பை. குச்சியை இரும்பிலிருந்து தூரப் பிடித்தேன். உருகிய உலோகம் நாலாபக்கமும் தெறித்தது. வேகமாக நகர்த்தினேன். ஒட்டு சுவரில் அடித்த வரட்டி மாதிரி மேலாக உட்கார்ந்தது, பிடிக்கவில்லை. மின்சாரத்தைக் கூட்டினேன். ஒட்டின் இரு கரையையும் அது அரித்துப் பள்ளமாக்கியது. ஒரு அடுக்கு போட்டதும் மேலே படியும் கசடைத் தட்டியெடுக்காமல் அடுத்த அடுக்கைப் போட்டேன். கசடு உள்ளேயே புதைந்தது. போதாக்குறைக்கு, எங்கள் மில்லில் எண்ணெய் படியாத இரும்பே இல்லை. அதைச் சூடாக்கி எரிக்காமல் பற்றவைத்தால் உள்ளே குமிழி குமிழியாக ஓட்டை விழும்.

இதில் பாதி புத்தகத்தில் இருந்தது. மீதியை ஒடித்துத் தெரிந்துகொண்டேன். இரண்டு துண்டுத் தகட்டைப் பற்றவைத்து, ஆறியதும் வைஸில் இறுக்கி, சுத்தியலால் அடித்து ஒடிப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். வெளியே அழகாக இருக்கும் ஒட்டுகள்தான் அதிகம் ஏமாற்றின. நாளாக ஆகக் காது பழகியது. குச்சி சரியான தூரத்தில் இருந்தால் வடை பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். சத்தம் மாறினால் எங்கோ தப்பு.

என்னோடு வேலை பார்த்தவர் அர்ச்சுனன். நாற்பது வயது. முன்பு கொல்லுப் பட்டறையில் சம்மட்டி அடித்தவர். குச்சி டின்னைத் திறப்பது, எடுத்துக் கொடுப்பது, கசடு தட்டுவது எல்லாம் அவர்தான். நான் முகமூடியைக் கழற்றவே வேண்டியதில்லை. அவரை நான் அண்ணே என்று கூப்பிட்டேன். ஒரு கிராணி சம்மட்டிக்காரனை அண்ணே என்கிறானே என்று ஆபீசில் கொஞ்ச நாள் சிரித்தார்கள். அவர் மனைவி செல்லம் ஒன்றாம் சட்டியின் கதவில் வேலை செய்தாள்.

டின்னை அவரிடம் காட்டினேன்.

"அர்ச்சுனண்ணே, இத எப்பத் தொறந்தீங்க?"

"பூசையன்னிக்குத்தாங்கய்யா."

போன வெள்ளிக்கிழமை பட்டறையில் ஆயுத பூசை. சுத்தியல், உளி, ஸ்பானர் எல்லாவற்றையும் கழுவி வாழை இலையில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். டைனமோவுக்கு மாலை போட்டார்கள். நான் போகவில்லை. சந்திரமதி போன பிறகு எந்தப் பூசைக்கும் போனதில்லை. போயிருந்தால் பார்த்திருப்பேன்.

சட்டிக்குள் போகப்போகிற குச்சிகளை மட்டும் விட்டுவிடுவது சரியில்லை என்று அர்ச்சுனனுக்குப் பட்டிருக்கிறது. சீல் வைத்த புது டின்னைத் திறந்தார். நாற்பது குச்சிகளையும் இலையில் பரப்பினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். இரவு முழுவதும் அப்படியே சாமி முன்னால் இருந்தன. காலையில், நிறம் ஒட்டியிருந்தால் எனக்குப் பிடிக்காது என்று ஈரத் துணியால் சுத்தமாகத் துடைத்து, நிழலில் உலர்த்தி, டின்னில் அடுக்கி மூடினார்.

"செல்லம் நிக்கிற எடமாச்சேங்கய்யா," என்றார். "அதான் மொதல்ல இதுங்களுக்குப் பொட்டு வச்சேன்."

அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. நான் டின்னின் கறையையே பார்ப்பதைக் கண்டு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

குச்சியின் மேல்பூச்சு பிஸ்கட் மாதிரி. ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பார்த்தால் தெரியாது. பற்றவைக்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, உருகிய உலோகத்துக்குள் மாட்டிக்கொள்ளும். வெளியேற முடிந்தால் தெறிக்கும். முடியாவிட்டால் உள்ளே ஓட்டையாக நிற்கும். ஆறிய பிறகும் சில சமயம் மணிக்கணக்கில் காத்திருந்து விரிசல் விடும். சீல் வைத்த டின்னில் அனுப்புவது இதற்காகத்தான். இது புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அர்ச்சுனனுக்கு நான் அதைச் சொன்னதில்லை.

திங்களும் செவ்வாயும் பழைய டின். புதன்கிழமை கடைசிப் பதினாறு அங்குலம் இந்த டின்.

இன்னொன்றும் உண்டு. புதன்கிழமை சத்தம் மாறியது. பொரிகிற சத்தத்துக்கு நடுவே பட் பட் என்று வெடித்தது. டைனமோவின் பெல்ட் வழுக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துரை கைக்கடிகாரத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை.

டின்னில் பதினொரு குச்சி மிச்சமிருந்தது. சட்டியில் வெட்டியெடுத்த தகட்டிலிருந்தே இரண்டு துண்டு எடுத்து அந்தக் குச்சிகளால் பற்றவைத்தேன். அதே வெடிப்பு. பெல்ட்டைப் பார்க்கச் சொன்னேன். பெல்ட் இறுக்கமாக இருந்தது.

ஆறவிட்டு, ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, வைஸில் இறுக்கினேன். நல்ல ஒட்டு ஏழெட்டு அடி தாங்கும். ஒடிவதற்கு முன் வளையும். இது முதல் அடியிலேயே கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒடிந்த முகம் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி இருந்தது.

அர்ச்சுனன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சட்டியிலயும் இப்படித்தான் இருக்குமாங்கய்யா?"

"தெரியலண்ணே."

உண்மையாகவே தெரியாது. ஒருவேளை டின்னின் மேல்பக்கத்துக் குச்சிகள் நன்றாக உலர்ந்திருக்கலாம். ஒருவேளை இரண்டு ஓட்டையோடு போயிருக்கலாம். திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

அர்ச்சுனன் துரையிடம் போய்த் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். நான் தடுத்தேன். சொன்னால் சாயங்காலத்துக்குள் அவருக்குச் சீட்டுக் கிழியும், குடியிருக்கும் லயத்து அறையும் போகும். துரைக்குத் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிடும். ஒட்டு அப்படியே இருக்கும்.

பதினொன்றரைக்கு ஒடிந்த துண்டோடு துரையின் அறைக்குப் போனேன். அவர் சன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் குலை அங்கே குவிந்து கிடந்தது. மற்ற இரண்டு சட்டிகளால் சமாளிக்க முடியவில்லை. குவியலின் நடுவிலிருந்து லேசாகப் புகை மாதிரி எழும்பியது. இன்னும் ஒரு நாள் போனால் பழம் புளித்து எண்ணெய் கெட்டுவிடும்.

துண்டை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மோசமான ஒட்டுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இது துண்டு, அது சட்டி என்றார். சட்டி அறுபது தாங்கியது, ஆவி நாற்பதுதானே என்றார். தண்ணீர் ஒரே ஒரு தடவை, அதுவும் குளிர்ச்சியாக அழுத்தியது, ஆவி ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சூடாக்கிக் குளிரவைக்கும் என்றேன். அவர் கப்பல் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். மோசமான மனிதர் இல்லை. மண்ணெண்ணெய்ச் சோதனை வேண்டுமானால் செய்துகொள், ஆனால் இரண்டு மணி இரண்டு மணிதான் என்றார்.

தண்ணீர் போகாத இடத்திலும் மண்ணெண்ணெய் போகும். ஒட்டின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவைக்க வேண்டும். உட்பக்கம் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். நூலளவு வழி இருந்தாலும் சுண்ணாம்பில் கறுப்பாகப் புள்ளி தெரியும். அர்ச்சுனன் துணியும் டப்பாவுமாகச் சட்டிக்குள் ஊர்ந்து போனார். நான் வெளியே நின்றேன்.

ஒரு மணி ஷிப்டுக்குப் பெண்கள் கொக்கிகளோடு வந்தார்கள். முன்னால் பேச்சியம்மாள். கூட்டத்தில் அவளுக்குத்தான் வாய் அதிகம்.

"என்னங்க கிராணியய்யா, சட்டிக்குப் பவுடரெல்லாம் பூசியிருக்கீங்க? பொண்ணு பாக்க வராங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். செல்லமும் சிரித்தாள். சட்டிக்குள்ளிருந்து அர்ச்சுனனின் இருமல் கேட்டது.

"மாப்பிள உள்ளதான் இருக்காரு போல," என்றாள் பேச்சியம்மாள்.

துரை வந்து என் பக்கத்தில் நின்றார். பத்து நிமிஷம். கடைசிப் பதினாறு அங்குலத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. பதினைந்து நிமிஷம். ஒரு இடத்தில் நிழல் விழுந்தது. குனிந்து பார்த்தேன். ஈ. இருபத்தைந்து நிமிஷம். சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். குலை ஏற்றச் சொல்லி, ஆட்களை மேய்க்கும் மண்டோருக்குக் கை காட்டினார். பிறகு என் தோளைத் தட்டினார். அதிகக் கவனம் கெட்ட குணம் இல்லை என்றார். உனக்கு இது கஷ்டமான வருஷம் என்று எனக்குத் தெரியும் என்றார்.

போன நவம்பரில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரும் வெப்பமானியைப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்றுதான் சொன்னார். எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் விடியற்காலையிலிருந்து சந்திரமதியின் மூச்சுச் சத்தம் மாறியிருந்தது. எனக்குக் கேட்டது. நான் ஆபீசுக்குப் போனேன்.

குலை ஏற்ற அரை மணி நேரம் ஆகும்.

பாய்லர் அறைக்குப் போனேன். அங்கே அய்யூப் இருந்தார். நாகூர்ப் பக்கத்துக்காரர். பதினைந்து வருஷமாக அந்த பாய்லரோடு இருப்பவர். ஒன்றாம் சட்டிக்குப் போகும் வால்வு அவர் கையில். நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"தம்பி, தொரை கொடி காட்டினா நான் தொறக்கணும். மாட்டேன்னு சொன்னா எனக்குப் பதிலா மண்டோர் வந்து தொறப்பான்."

"தெரியும், பாய்."

அவர் வால்வுச் சக்கரத்தைப் பார்த்தார். மேல்துண்டால் அதைத் துடைத்தார்.

"ஆனா இது கொஞ்சம் இறுகிக் கெடக்கு. கிரீஸ் போட்டுத்தான் திருப்பணும். அஞ்சு நிமிசம் ஆகும். பத்துகூட ஆவலாம், வயசாச்சில்ல."

வால்வுக்கா அவருக்கா என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கதவை மூடித் திருகிக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்று நாற்பது. அர்ச்சுனன் செல்லத்தை ஒதுக்கமாகக் கூட்டிப்போய்ப் பேசிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று அவள் நின்ற விதத்திலிருந்து தெரிந்தது.

"காய்ச்சல்னு சொல்லிட்டு லயத்துக்குப் போ, செல்லம்."

"நான் போனா பேச்சி நிக்கும். பேச்சி போனா இன்னொருத்தி நிக்கும்." அவள் குரல் உயரவில்லை. "எல்லாருக்குமாய்யா காய்ச்சல் வரும்?"

அர்ச்சுனன் திரும்பினார். என்னைப் பார்த்தார்.

நான் பட்டறைக்குப் போய் மூன்று வெட்டுளிகளும் நான்கு ராத்தல் சுத்தியலும் எடுத்து வந்தேன். அர்ச்சுனனிடம் சுத்தியலைக் கொடுத்தேன். ஒட்டில் உளியை வைத்துப் பிடித்தேன். வெட்டிய சட்டியில் யாராலும் ஆவி விட முடியாது. அதைத் திரும்ப மூடவும் என்னைத் தவிர ஆள் இல்லை. இதைத் துரைக்கு எப்படி விளக்குவது என்று யோசிக்கவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால் நல்ல ஒட்டை நாசம் செய்தவன் ஆவேன். அதையும் யோசிக்கவில்லை.

"அடிங்கண்ணே."

முதல் அடியில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். மண்டோர் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். விடச் சொன்னேன். விட்டுவிட்டு, சாப்பிடப் போயிருந்த துரையைக் கூப்பிட பங்களாவுக்கு ஓடினான்.

மேல்தோல் சுருள் சுருளாக வந்தது. பளபளவென்ற, ஓட்டை இல்லாத இரும்பு. இரண்டு அங்குலம் வெட்டினோம். அப்படியேதான் இருந்தது. உளி மழுங்கியது. அடுத்ததை எடுத்தேன். மூன்றாவது அங்குலம். ஒன்றும் இல்லை. அர்ச்சுனனின் வியர்வை என் மணிக்கட்டில் சொட்டியது. அவர் அடியை நிறுத்தவில்லை. நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாய்லர் அறைப் பக்கம் கொடி ஆடுவது கடைக்கண்ணில் தெரிந்தது. துரை இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் இரண்டு மணிக்குக் கொடி காட்ட ஓர் ஆளிடம் அவர் முன்பே சொல்லிவைத்திருந்தார். குழாயில் ஆவி ஏறினால் முதலில் ஒரு முனகல் கேட்கும். அதற்காக ஒரு காதை வைத்துக்கொண்டேன். அய்யூப் கிரீஸ் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நான்காவது அங்குலத்தில் வெட்டிய இரும்பு சுருளாக வரவில்லை. பொடியாக வந்தது.

ஊதினேன். அரிசி மணி அளவில் ஓர் ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பிறகு எண்ண வேண்டியிருக்கவில்லை. இன்னும் இரண்டு அடி அடித்ததும் ஓட்டைகளுக்கு நடுவே மயிர்க்கோடு மாதிரி ஒன்று தெரிந்தது. முழுக்க இரும்புக்குள்ளேயே கிடந்தது. மேலேயும் கீழேயும் நல்ல உலோகம் மூடியிருந்தது. மண்ணெண்ணெய்க்கு வழி கிடைக்காததற்குக் காரணம் அதுதான்.

"ஊசி ஏதாவது வேணும்," என்றேன்.

செல்லம் கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் கொடுத்தாள். கோட்டின் மேலிருந்த ஓர் ஓட்டையில் வைத்து அழுத்தினேன். கால் அங்குலம் உள்ளே போய் நின்றது.

துரை வந்தபோது முகம் சிவந்திருந்தது. என்ன சொல்லி வந்தாரோ, ஊசி நிற்பதைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். குனிந்தார். ஊசியை உருவி, தானே வேறொரு இடத்தில் வைத்து அழுத்தினார். அதுவும் போனது. நிமிர்ந்து, பாய்லர் அறைக்குத் தகவல் சொல்ல மண்டோரை அனுப்பினார். குரல் மெதுவாக இருந்தது.

திரும்பப் பற்றவைக்க எத்தனை நாள் என்று கேட்டார். ஒன்றரை என்றேன்.

அடுத்த கேள்வி நான் எதிர்பார்த்ததுதான். குச்சிகள் எப்படி ஈரமாயின என்று கேட்டார்.

அர்ச்சுனனுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

மழைக்காலம், டின் திறந்து கிடந்தது, அதைக் கவனிக்க வேண்டியவன் நான் என்றேன். புதன்கிழமையே சத்தம் மாறியது, எனக்குக் கேட்டது, நான் நிறுத்தவில்லை என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை.

துரை ஊசியை உருவிச் செல்லத்திடம் கொடுத்தார். ஒட்டை முடி என்றார். மாதக் கடைசியில் நீ ஆபீசுக்குத் திரும்ப வேண்டும், சிங்கப்பூரிலிருந்து பழகின ஆளைக் கூப்பிடப்போகிறேன் என்றார்.

அவர் போன பிறகு அர்ச்சுனன் கேட்டார்.

"என் பேரச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏங்கய்யா?"

"சத்தம் கேட்டவன் நான்தானே. உங்களுக்கா கேட்டுச்சு?"

அவர் சுத்தியலை எடுத்தார். ஏற்றிய குலைகளைப் பெண்கள் திரும்ப வெளியே இழுத்துப் போட்டார்கள். இருட்டுவதற்குள் பதினாறு அங்குலத்தையும் வெட்டி முடித்தோம்.

ஸ்டோரில் இன்னொரு டின் இருந்தது. அதன் சீல் உடையவில்லை. அதை நான்கு தடவை பார்த்தேன். அப்படியும் நம்பாமல், பாய்லரின் புகைவழிக்கு மேல் இருந்த இரும்புத் தட்டில் குச்சிகளை நான்கு மணி நேரம் காயவைத்தேன். அய்யூப் காவல் இருந்தார். யாராவது பக்கத்தில் வந்தால் கறி வேகிறது என்று விரட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை வெட்டிய பள்ளத்தை ஊதுவிளக்கால் சூடாக்கினேன். எண்ணெய் நீலமாக எரிந்து போகும்வரை விடவில்லை. பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்தோம். குச்சிகளை ஐந்து ஐந்தாக மட்டும் எடுத்து வரச் சொன்னேன், சூடு ஆறாமல். ஒவ்வொரு அடுக்குக்கும் கசடை அர்ச்சுனன் தட்டினார், நான் பார்த்தேன், பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு ஐந்து குச்சிக்கும் ஒரு துண்டு பற்றவைத்து ஒடித்தோம். ஏழாவது அடியில் வளைந்தது. பத்தாவதில் ஒடிந்தது. உள்ளே சாம்பல் நிறம், ஒரே சீராக.

மூன்றாவது அடுக்கின் நடுவில் சத்தம் மாறியது.

துரை பின்னால் நின்றிருந்தார். முற்றத்துக் குவியல் இப்போது புளித்த வாடை அடித்தது. நிறுத்தினேன். முகமூடியைத் தூக்கிக் குச்சியைப் பார்த்தேன். மேல்பூச்சு ஒரு பக்கம் உடைந்து விழுந்திருந்தது. அந்தக் குச்சியால் போட்டது மூன்று அங்குலம். அதை வெட்டியெடுக்கச் சொன்னேன். அர்ச்சுனன் உளியை எடுத்தார். வெட்டி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. பிறகு புதுக் குச்சி.

சனிக்கிழமை காலை தண்ணீர்ச் சோதனையும் மண்ணெண்ணெய்ச் சோதனையும் முடிந்தன. இரண்டும் போன தடவை மாதிரியே தேறின. அதனால் எனக்கு ஆறுதல் ஒன்றும் வரவில்லை. குலை ஏற்றினார்கள். பதினொரு மணிக்கு அய்யூப் வால்வைத் திறந்தார். குழாய் முனகியது.

பெண்களைத் தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். துரையும் அங்கே போய் நின்றார். நான் கதவு வளையத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அர்ச்சுனன் வந்து எனக்கு அடுத்து நின்றார். போகச் சொன்னேன். கேட்காத மாதிரி இருந்தார்.

பத்து ராத்தல். இருபது. தகடு சூடேறும்போது டக் டக் என்று பேசும். எல்லாச் சட்டியும் பேசும். ஒவ்வொரு டக்குக்கும் அர்ச்சுனனின் உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியாது. முப்பது. ஒட்டின் மேல் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடு கன்னத்தில் அடித்தது. முப்பத்தைந்து. முள் நாற்பதுக்கு வந்து நின்றது.

ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தேன். கால் மரத்துப்போனது. நடுவில் ஒரு முறை அர்ச்சுனன் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேனா என்று நினைவில்லை.

ஆவியை வெளியேற்றினார்கள். முள் இறங்கியது. முப்பது, பத்து, பூஜ்யம். ஒட்டின் நீளம் முழுவதும் விரலை ஓட்டினேன். தோல் பொரிந்தது. எங்கேயும் கோடு இல்லை. இனி ஒரு நாளைக்கு எட்டுத் தடவை இப்படித்தான் சூடாகும், குளிரும். மாதக் கடைசிவரை ஒவ்வொரு நாளும் வந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று அர்ச்சுனனிடம் கேட்டேன். தான் பார்ப்பதாகச் சொன்னார். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தரச் சொன்னார்.

செல்லம் கொக்கியோடு வந்து நின்றாள்.

"தள்ளுங்கய்யா," என்றாள். "கதவத் தொறக்கணும்."

தள்ளி நின்றேன்.